கிரகணத்தன்று தின்ற கடலை மிட்டாய்

கொங்குப் பகுதியின் ஒரு சிற்றூரிலிருந்து, மகப்பேறு மருத்துவரான எனக்கு நான்கு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியை. தலைப்பிரசவம், ஏழாம் மாதம் முடியப்போகிறது. கர்ப்பகாலச் சர்க்கரைக்காகக் காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

2025 செப்டம்பர் 7, ஆவணிப் பௌர்ணமி. அன்றிரவு முழுச் சந்திர கிரகணம். அப்போது அவருக்கு 24 வாரம். மாலை ஊசியைப் போட்டுக்கொண்டு, இரண்டு இட்லியை அவசரமாக விழுங்கியதும், ஆறு மணிக்கு மாமியார் அவரை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார். கிரகணம் விட்டுக் குளிக்கும்வரை சோறு தண்ணீர் கிடையாது, தூங்கக் கூடாது, கையைக் காலை மடக்கிப் படுக்கக் கூடாது, தலைமாட்டில் தர்ப்பை. இரவு பதினொன்றேகால் மணிக்கு இவருக்கு வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கியிருக்கிறது. பள்ளிப் பையில் கிடந்த இரண்டு கடலை மிட்டாயை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தின்று, குழாய்த் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்திருக்கிறார். மறுநாள் குப்பையில் மிட்டாய்க் காகிதத்தைப் பார்த்த மாமியார், "பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நீதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார்.

மாமியாரின் பயத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. மூத்த மருமகள், அதாவது இவருடைய ஓரகத்தி, 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தின்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அன்று காலை அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கினாராம். 2020 மே முதல் வாரத்தில் நிறைமாதத்தில் பிறந்த பையனுக்கு மேலுதடு பிளந்திருந்தது. பையனுக்கு அறுவை சிகிச்சை முடிந்து உதட்டின் மேல் மெல்லிய கோடு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அவனுடைய அம்மா இன்றுவரை அந்த வாழைக்காய்க்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பகுதி இது: "வகுப்பில் பந்தையும் டார்ச் விளக்கையும் வைத்துக் கிரகணம் காட்டுகிறேன். வீட்டில் தர்ப்பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சாமி கும்பிடாமல் என்னால் இருக்க முடியாது. நான் இரட்டை வேடக்காரியா? நான் தின்றது என் குழந்தையைப் பாதித்திருக்குமா? அடுத்த மார்ச்சில் இன்னொரு கிரகணம் வருகிறதாம். அன்று கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். என்ன செய்ய?"

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் இரண்டாவது கேள்விக்கே முதலில் பதில். பாதித்திருக்காது. அந்த இரவில் உங்கள் வீட்டில் நடந்த காரியங்களிலேயே மருத்துவப்படி மிகச் சரியானது நீங்கள் குளியலறையில் செய்ததுதான். மாலை இன்சுலினைப் போட்டுக்கொண்டு இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்தால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும். வியர்வையும் நடுக்கமும் அதன் அறிகுறிகள். அதற்கு மேலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் மயக்கம், வலிப்பு என்று போயிருக்கலாம். கதவு சாத்திய அறைக்குள் அது வெளியில் யாருக்கும் தெரிந்திருக்காது. அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரு சின்னத் திருத்தம் மட்டும். கடலை மிட்டாயில் நிலக்கடலையின் கொழுப்பு இருப்பதால் அதிலுள்ள வெல்லம் ரத்தத்தில் சேரச் சற்று நேரமாகும். அடுத்த முறை மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. பிறகு இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் பாலோ. எந்தக் காரணத்துக்காகச் சாப்பாடு தள்ளிப்போவதானாலும், அது விரதமாகட்டும் கல்யாண வீடாகட்டும், ஊசியின் அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் வழக்கம்போல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஓரகத்தியின் கணக்கு

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது உங்கள் கதையல்ல, அவருடைய கதை. ஒரு தாளை எடுத்து நாட்களை எண்ணிப் பார்ப்போம். 2020 மே முதல் வாரத்தில் நிறைமாதப் பிரசவம் என்றால், கடைசி மாதவிலக்கு 2019 ஜூலைக் கடைசியில் வந்திருக்க வேண்டும். கருவின் முகம் இரண்டு பக்கத்திலிருந்தும் மூக்குக்குக் கீழே நடுவை நோக்கி வளர்ந்து சேர்வது. மேலுதடு சேர்ந்து முடிவது கரு உண்டான ஏழாவது வாரத்துக்குள். அப்படியானால் அந்தப் பையனின் உதடு செப்டம்பர் முடிவதற்குள் எப்படி அமைய வேண்டுமோ அப்படி அமைந்துவிட்டது. வாயின் மேற்கூரையான அண்ணம் மூடுவதற்கு இன்னும் சில வாரம் ஆகும். அதுவும் அக்டோபர் கடைசியோடு முடிந்துவிடும். கோவையிலும் ஈரோட்டிலும் கரூரிலும் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணி வாக்கில். வாழைக்காயை நறுக்கும்போது அந்தப் பிளவுக்கு ஏறக்குறைய மூன்று மாத வயது.

நம் மொழியில் 'கிரகண மூளி' என்று ஒரு சொல் உண்டு. அகராதியில் ஏறிவிட்ட பழைய சொல். பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தைக்கு வைத்த பெயர் அது. தாயின் மேல் சுமத்தும் குற்றச்சாட்டு அந்தப் பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மெக்சிகோ நாட்டிலும் இதே பயம் உண்டு. அங்கே ராகு இல்லை. நிலவைக் கிரகணம் கடிக்கிறது, அதேபோல் குழந்தையின் உதட்டையும் கடித்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே கர்ப்பிணிகள் உள்ளாடையில் ஓர் இரும்பு ஊக்கைக் குத்திக்கொள்வார்கள். குத்திக்கொண்டால் வெளியே போகலாம். நம் ஊரில் இரும்பைத் தொடவே கூடாது, வெளியேயும் போகக் கூடாது. விதிகள் ஒன்றுக்கொன்று நேர் எதிர். உதட்டுப் பிளவோ, அண்ணப் பிளவோ, கிரகணம் தெரிந்த நாடு, தெரியாத நாடு என்ற பேதமில்லாமல் ஏறக்குறைய எழுநூறு பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

பிறகு எதனால் வருகிறது? பரம்பரைக் கூறுகள், புகையிலை, கர்ப்பத்துக்கு முன்பே இருந்து கட்டுப்படாத சர்க்கரை, கரு உருவாகும் நாட்களில் உட்கொண்ட சில வலிப்பு மாத்திரைகள் ஆகியவை ஆபத்தைக் கூட்டும் என்று தெரியும். ஆனால் தனி ஒரு குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டு "இந்தப் பிளவு இதனால்தான்" என்று எங்களால் பெரும்பாலும் சொல்ல முடிவதில்லை. ஒரு தாய் என்னிடம் வந்து ஏன் என்று கேட்கும்போது, "குறிப்பாகச் சொல்லத் தெரியவில்லை அம்மா" என்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டால் அரை நொடியில் வாழைக்காய் என்று சொல்லிவிடுகிறார். காரணம் இல்லாத துக்கத்தைவிடக் காரணம் உள்ள துக்கம் தாங்குவதற்கு எளிது. உங்கள் மாமியார் அந்த வாழைக்காயை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் அவரை அறியாமையில் இருப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பேரனை அறுவை சிகிச்சை அறை வாசலில் நின்று வாங்கிய பாட்டி அவர். உங்களைப் பூட்டியது அந்த நினைவு. அதற்காகப் பூட்டியது சரியாகிவிடாது.

உங்கள் குழந்தையைப் பொறுத்தவரை, ஆகஸ்டில் 20-வது வாரம் எடுத்த ஸ்கேனில் மேலுதடு முழுமையாக இருக்கிறது என்று அறிக்கை வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். செப்டம்பரில் எதைத் தின்றாலும் தின்னாவிட்டாலும் சேர்ந்த உதடு பிரியாது.

மாமனாரின் பஞ்சாங்கம்

அறிவியலையும் சமயத்தையும் எப்படி ஒத்துப்போக வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கான பாதி வழி உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. சித்திரை முதல் நாள் ஊர்க் கோயிலில் பஞ்சாங்கம் படிப்பவர் உங்கள் மாமனார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் கேளுங்கள்: ராகு ஒரு ராசியில் எவ்வளவு காலம் இருக்கும்? ஒன்றரை வருடம் என்பார். எந்தத் திசையில் போகும்? மற்ற கிரகங்களுக்கு எதிர்த்திசையில் என்பார். பன்னிரண்டு ராசியைச் சுற்ற எத்தனை வருடம்? பதினெட்டு.

இனி உங்கள் பாடப்புத்தகத்துக்கு வாருங்கள். சந்திரன் பூமியைச் சுற்றும் தளம் ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு பௌர்ணமியிலும் கிரகணம் வருவதில்லை. சூரியனின் பாதையைச் சந்திரனின் பாதை வெட்டுகிற இரண்டு புள்ளிகளுக்கு அருகே பௌர்ணமியோ அமாவாசையோ நேர்ந்தால்தான் கிரகணம். அந்த இரண்டு புள்ளிகளும் வானத்தில் பின்னோக்கி நகர்ந்து, 18.6 ஆண்டில் ஒரு சுற்று முடிக்கின்றன. பஞ்சாங்கத்தில் அவற்றின் பெயர்தான் ராகு, கேது. 'சாயா கிரகம்' என்று சொன்னவர்களுக்கு அங்கே உடம்போடு எதுவும் இல்லை என்பது தெரிந்தே இருந்தது. சந்திரனை மறைப்பது பூமியின் நிழல், சூரியனை மறைப்பது சந்திரன் என்று ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டை ஒட்டியே எழுதிவிட்டார். திங்களைப் பாம்பு கொண்டதைக் குறள் பேசுகிறது. அது ஊர் வாயில் அடிபடும் காதலுக்கு ஓர் உவமை. பாம்பு கவிதையில் இருந்தது, புள்ளி கணக்கில் இருந்தது. இரண்டும் ஒரே ஊரில் சண்டையில்லாமல் வாழ்ந்திருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் ஒன்று. 1825-இல் வாரன் என்ற ஐரோப்பியர், புதுச்சேரியில் வசித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரிடம் அந்த ஆண்டின் மே 31 இரவுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொன்னார். அவர் காகிதமும் பேனாவும் எடுக்கவில்லை. தரையில் சோழிகளை வைத்து நகர்த்தினார். வாக்கியங்களாக மனப்பாடம் செய்திருந்த எண்களை வாயால் சொல்லிக்கொண்டே கூட்டிக் கழித்தார். கிரகணம் பிடிக்கும் நேரத்தில் பிழை நான்கு நிமிடம். முடிவில் பிழை 52 நிமிடமாகக் கூடியது, உண்மைதான். ஆனாலும் சோழியை வைத்து நிழலின் வருகையை நான்கு நிமிடத்துக்குள் பிடித்த மனிதர் அவர். அதே நூற்றாண்டில், பஞ்சாங்கக் கணிப்பாளர் குடும்பத்திலிருந்து வந்து சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, தொலைநோக்கியில் பார்த்ததைக் கொண்டு பஞ்சாங்கக் கணக்கைத் திருத்த வேண்டும் என்று வாதாடினார். திருத்திய பஞ்சாங்கத்தைத் தாமே வெளியிட்டார். அவர் ஆசாரத்தை விட்டுவிட்டதாகத் தெரியவில்லை; கணக்கையும் விடவில்லை.

நீங்கள் இரட்டை வேடக்காரி இல்லை என்பதற்கு என் சொந்தச் சாட்சியையும் தருகிறேன். முப்பது ஆண்டுகளாக, சிசேரியனுக்குக் கத்தியை எடுப்பதற்கு முன் "முருகா" என்று சொல்லாமல் நான் தொடங்கியதில்லை. வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் உள்ளே வைத்த துணிகளை எண்ணிச் சரிபார்க்காமல் முடித்ததும் இல்லை. பத்து வைத்தால் பத்து வெளியே வர வேண்டும். முருகன் பார்த்துக்கொள்வான் என்று ஒன்பதோடு மூடமாட்டேன்; எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதற்காக அந்தப் பெயரைச் சொல்வதையும் நிறுத்தமாட்டேன். கிரகண நேரத்தில் நீங்கள் ஜபம் செய்யலாம், விட்டபின் குளிக்கலாம், தானம் கொடுக்கலாம். அது உங்களுக்கும் கடவுளுக்கும் நடுவே உள்ளது. அதில் டாக்டருக்கு வேலை இல்லை. "காய் நறுக்கினால் உதடு பிளக்கும்" என்பது வேறு ஜாதி வாக்கியம். அது உடம்பைப் பற்றிய தகவல். தகவல் என்றால் நாளை எண்ணிப் பார்க்கலாம். எண்ணிப் பார்த்தோம், பொய் என்று தெரிந்தது.

கணவர் சொல்லும் 'கதிர்கள்'

உங்கள் கணவர் பொறியாளர். அம்மாவுக்கும் உங்களுக்கும் நடுவில் சமாதானம் செய்ய, "கிரகணத்தில் ஒருவிதக் கதிர் வரும், தர்ப்பை அதை உறிஞ்சும், கடலையே இழுக்கிற சந்திரன் பனிக்குடத் தண்ணீரை இழுக்காதா" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் இந்தச் சமாதானத்தைத்தான் நான் கடுமையாக எதிர்ப்பேன். உங்கள் மாமியாரின் நேரடி பயத்தைவிட இது மோசம்.

சந்திர கிரகணத்தில் நடப்பது ஒளி குறைவது. பௌர்ணமி அன்று நிலவு நமக்குத் திருப்பி அனுப்பும் சூரிய வெளிச்சத்தில் பெரும்பகுதி அன்று வராது. புதிதாக வருவதற்கு அங்கே எந்தக் கதிரும் இல்லை. கடல் ஏற்ற இறக்கம் எல்லாப் பௌர்ணமிக்கும் எல்லா அமாவாசைக்கும் கூடுகிறது. கிரகணத்துக்கென்று தனியாக எதுவும் சேர்வதில்லை. கடல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விரிந்திருப்பதால்தான் அந்த இழுப்பு தெரிகிறது. ஒரு குடத்துத் தண்ணீரில் அலை எழும்பி யாரும் பார்த்ததில்லை. பனிக்குடத்தில் இருப்பது ஒரு லிட்டருக்கும் குறைவு. தர்ப்பை பரிசுத்தமானது என்று அத்தை சொன்னால் அது நம்பிக்கை, மதிக்கிறேன். அது கதிரை உறிஞ்சும் என்று பொறியாளர் சொன்னால், எந்தக் கதிர், எவ்வளவு, எந்தக் கருவியில் அளந்தீர்கள் என்று கேட்காமல் விட முடியாது.

கண்ணுக்கு ஆபத்து என்பது மட்டும் உண்மை, அதுவும் சூரிய கிரகணத்தில் மட்டும். அதற்கென்று தயாரித்த கண்ணாடி இல்லாமல் சூரியனைப் பார்த்தால் விழித்திரை வெந்துபோகும். எக்ஸ்ரே பிலிமும் சாணித் தண்ணீரும் பாதுகாப்பல்ல. இது கர்ப்பிணிக்கும் ஒன்றுதான், ஊர்த் தலைவருக்கும் ஒன்றுதான். சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இடையில் உலக்கை. அன்று தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கை தானாக நின்றதைப் பார்த்து உங்களுக்கே ஒரு நிமிடம் உடம்பு சிலிர்த்ததாக எழுதியிருந்தீர்கள். ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. எங்கள் வீட்டில் பாட்டி காலத்து உலக்கை ஒன்று இருக்கிறது. எந்தக் கிரகணமும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, சமையல் செய்யும் அம்மாவைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு அதைத் தாம்பாளத்தில் நிறுத்திப் பார்த்தேன். முதல் மூன்று தடவை சாய்ந்தது. நான்காவது தடவை இரண்டு விரலால் மெல்லப் பிடித்து, அது தன் எடையைத் தேடிக்கொள்ளும்வரை பொறுத்துக் கையை எடுத்தேன். நின்றது. அடியில் பூண் போட்ட பாகம் தட்டையாக இருக்கிறது, அவ்வளவுதான் ரகசியம். மற்ற நாளில் நாம் உலக்கையை மூலையில் சாய்த்து வைக்கிறோமே தவிர நிற்கவைக்கப் பார்ப்பதில்லை. உங்கள் எட்டாம் வகுப்புக்கு இது நல்ல செய்முறை. மாமியாரை மடக்குவதற்காகச் செய்யாதீர்கள். அவர் பக்கத்தில் இருக்கும்போது சும்மா ஒருநாள் செய்யுங்கள்.

வீட்டில் எப்படிப் பேசுவது

உங்களுக்கு முன்னால் மூன்று வழி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்: எதிர்த்துச் சண்டை போடுவது, அம்மா வீட்டுக்குப் போய்விடுவது, தலையாட்டிவிட்டு ரகசியமாகச் சாப்பிடுவது. மூன்றாவதை முதலில் அடித்துவிடுங்கள். இன்சுலின் போடுகிறவருக்கு ரகசியம் ஆகாது. உங்களுக்குச் சர்க்கரை இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாக மாமியாருக்கு, தெரிந்திருக்க வேண்டும். அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்கு எப்படியும் போவீர்கள். ஆனால் திரும்பி வரத்தானே வேண்டும்?

அடுத்த பரிசோதனைக்கு அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். "என்ன நடந்தாலும் இவள் சாப்பிடாமல் இருக்கக் கூடாது" என்பதை நீங்கள் சொன்னால் வாய்த்துடுக்கு; டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னால் அது அவரிடம் ஒப்படைத்த பொறுப்பு. உங்கள் மாமனாரிடம் இன்னொன்று கேட்கலாம். கிரகண உணவு விலக்கைச் சொன்ன சாஸ்திரக்காரர்களே குழந்தைகள், முதியோர், நோயாளிகள் ஆகியோருக்குத் தளர்வு வைத்திருக்கிறார்கள். இன்சுலின் போடும் கர்ப்பிணி அந்தப் பட்டியலில் வராமல் வேறு யார் வருவார்? அவர் வாயால் அது வந்தால் என் மருந்துச் சீட்டைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்பதில் மட்டும் தெளிவாக இருங்கள். தர்ப்பையை வைக்கட்டும். வெளியே வர வேண்டாம் என்றால் இரண்டு மணி நேரம் அறைக்குள் ஒரு புத்தகத்தோடு இருந்துவிடலாம். காய் நறுக்காமல் இருப்பதில் உங்களுக்கு லாபம்தான்! தண்ணீர், சாப்பாடு, ஊசி, மாத்திரை, சிறுநீர் கழிக்கப் போவது, தூக்கம் ஆகியவற்றில் பேரம் கிடையாது. கதவைத் தாழ்போடுவதும் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போவதில் அறவே கூடாது. இதை எழுதும்போது 1995 அக்டோபர் 24 நினைவுக்கு வருகிறது. தீபாவளியை ஒட்டி வந்த சூரிய கிரகணம், காலை வேளை. நான் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்திருந்த புதிது. எப்போதும் பாய் விரிக்க இடமில்லாத பிரசவ வார்டு அன்று காலியாகக் கிடந்தது. பதினோரு மணிக்கு மேல் ஒரு பெண்ணை ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். விடியற்காலையிலேயே ரத்தப்போக்கு தொடங்கியிருக்கிறது. கிரகணம் விடட்டும் என்று காத்திருந்து, தலைக்கு ஊற்றி, ஈரக் கூந்தலோடு கொண்டு வந்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டாள். குழந்தை இல்லை. ரத்தம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, வானத்தில் எது எதை மறைத்துக்கொண்டிருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். இதை உங்கள் கணவரிடம் இன்றே சொல்லி வையுங்கள்.

மார்ச் 3

2026 மார்ச் 3, மாசிப் பௌர்ணமி. அன்று உங்கள் குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கும். அன்றைய சந்திர கிரகணத்தின் பெரும்பகுதி நம் ஊரில் நிலவு எழுவதற்கு முன்பே முடிந்துவிடும். மாலை ஆறேகால் மணிக்கு மேல் நிலவு எழும்போது கொஞ்சம் கடிபட்டதுபோல் இருக்கும், 6.47 மணிக்கு அதுவும் விலகிவிடும். கண்ணுக்குத் தெரியும் நேரம் அரை மணி நேரத்தை ஒட்டித்தான். ஆறு மணிக்குக் குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்துத் தூங்க வையுங்கள். பெரும்பாலும் சண்டைக்கே இடமிருக்காது. நடுவில் எழுந்து அழுதால் எடுத்துக் கொடுங்கள். தாய்ப்பால் கிரகணத்தால் கெடாது. பீய்ச்சிக் கொட்ட வேண்டிய அவசியமும் இல்லை. கிரகணத்துக்கு ஒன்பது மணி நேரம் முன்பே உணவு விலக்கு தொடங்குகிறது என்று யாராவது குழந்தைக்கும் அந்தக் கணக்கைப் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மாதக் குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை குடித்தாக வேண்டும்.

மேலே எழுதிய நாட்கணக்கைத் தனியாக ஒரு தாளில் எழுதி உங்கள் ஓரகத்தியிடம் கொடுங்கள். ஜூலை, செப்டம்பர், டிசம்பர், மே என்று நான்கு வரி போதும். அவர் விரும்பினால் மாமனாரிடம் காட்டட்டும். நாள் பார்ப்பது அவருக்குக் கைவந்த வேலை, தாமே எண்ணிக்கொள்வார். விரும்பாவிட்டால் அந்தத் தாள் அவருடைய பீரோவில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குழந்தை பிறந்ததும் டாக்டர் கையுறை போட்ட விரலை அதன் வாய்க்குள் விட்டு அண்ணத்தைத் தடவிப் பார்ப்பார். நீங்கள் அதைப் பார்த்துப் பதறக் கூடாது. பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் நாங்கள் அதைச் செய்வோம்.